தலைமையாசிரியர் நிலையில் நிலுவை

ஐம்பத்தெட்டு வயதில் எனக்குப் பொறாமை வந்தது. இந்த வயதில் வரக்கூடாது என்று எந்த அரசாணையும் இல்லை. சர்க்கரை வந்தது, முழங்கால் வலி வந்தது, அதற்கெல்லாம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இதை மட்டும் டாக்டரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

என் பெயர் மதலைமுத்து. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வாய்க்காலை ஒட்டி நிற்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளிக்குத் தலைமையாசிரியர். எட்டாம் வகுப்பு வரை உண்டு. நூற்றுப் பதினாறு பிள்ளைகள், ஆறு ஆசிரியர்கள். ஓய்வு பெற எனக்கு இன்னும் இரண்டு வருடம். நான் பொறாமைப்பட்டது எங்கள் அறிவியல் ஆசிரியை மதுவந்தியைப் பார்த்து. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. சென்னையில் இருக்கும் என் மகள் பிரின்ஸியைவிட ஒரு வயதுதான் கூட.

நல்ல பெண். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

ஸ்மார்ட் போர்டு வந்தபோது ஆரம்பித்தது. பெட்டியைப் பிரிக்காமல் மூன்று வாரம் என் அறையிலேயே வைத்திருந்தேன். மின் இணைப்பு சரியில்லை, சுவரில் ஈரம், எலி வயரைக் கடித்துவிடும் என்று வாரத்துக்கு ஒரு சாக்கு சொன்னேன். அதை எங்கே தொடுவது என்று எனக்குத் தெரியாது என்பதுதான் விஷயம். தொட்டு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகள் முன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? நான் ஒருநாள் கூட்டத்துக்குப் போயிருந்த சமயம் பார்த்து மதுவந்தி எலக்ட்ரீஷியனை வரவழைத்து மாட்டிவிட்டாள். மறுநாள் நான் அலுவலகப் படிவங்களோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்ததால், ஏழாம் வகுப்பில் என் கணக்குப் பாடவேளையையும் அவளே எடுத்தாள்.

பின்னம். முப்பது வருடமாக நான் நடத்துகிற பாடம். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, எட்டாகப் பிரித்து, மூன்று துண்டைக் கோடிட்டு நிரப்புவேன். என்னிடம் அப்படிப் படித்தவர்களில் தாசில்தார் இருக்கிறார், இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். இவள் எங்கள் ஊர் வயல்களை ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைத் திரை முழுக்கப் போட்டிருந்தாள். வாய்க்கால் தெரிகிறது, மதகு தெரிகிறது, எங்கள் பள்ளிக்கூடத்து ஓடு கூடத் தெரிகிறது.

"இது யாரு வயலு?"

"செம்மொழியோட அப்பா வயலு மிஸ்."

"மொத்தம் எட்டு மா நிலம். அதுல மூணு மா குறுவை போட்டிருக்காங்க. அப்ப எத்தனைல எத்தனை?"

வகுப்பே எழுந்து நின்று கத்துகிறது. என் பாடவேளையில் கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிற செம்மொழி, திரைக்கே ஓடிப்போய்த் தன் அப்பாவின் வயலை விரலால் கோடு போட்டுப் பிரித்துக் காட்டுகிறாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை கூட என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அதன்பிறகு எரிவதற்குத் தினம் ஒரு காரணம் கிடைத்தது. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில், சனிக்கிழமை முழு வேலை நாள் என்று நான் போட்டால் இரண்டு பேர் கட்டை விரலைக் காட்டுவார்கள். அதில் ஒருவர் எங்கள் சத்துணவு அமைப்பாளர். அவள் பிள்ளைகள் செய்த காற்றாடியைப் படம் பிடித்துப் போட்டால் நாற்பது இதயம் வந்து விழும். நான் எண்ணிப் பார்ப்பேன். எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணுவேன். வட்டாரக் கல்வி அலுவலர் ஆனந்தவல்லி மேடம் எனக்குத்தான் போன் செய்வார்கள். எடுத்து வணக்கம் சொன்னதும், "சார், போனைக் கொஞ்சம் மதுவந்தி டீச்சர்கிட்ட குடுங்க" என்பார்கள். என் போன், என் காது, பேசுவது அவளோடு. வீட்டில் என் மனைவி பாத்திமா மேரி, ஆதார் திருத்தமோ கேஸ் பதிவோ எதுவானாலும், "அந்த டீச்சரக் கேளுங்களேன், ரெண்டு நிமிஷத்துல முடிச்சுக் குடுத்துடும்" என்பாள். எனக்குச் சோறு இறங்காது.

பதிலுக்கு என் கையில் ஒன்றே ஒன்று இருந்தது. ஓ.டி.பி.

இப்போது பள்ளிக்கூடத்தில் எதைச் செய்ய வேண்டுமானாலும் இணையதளத்தில் தலைமையாசிரியர் கணக்கைத் திறக்க வேண்டும். இலவசப் புத்தகம் கேட்க, விடுப்பு அங்கீகரிக்க, மாற்றுச் சான்றிதழ் கொடுக்க, எல்லாவற்றுக்கும் அதே கணக்குதான். திறக்கும்போதெல்லாம் ஆறு இலக்க எண் ஒன்று என் செல்போனுக்கு வரும். அதைப் பத்து நிமிடத்துக்குள் போட வேண்டும். கணக்கு என் பெயரில், வேலை முழுவதும் மதுவந்தி கையில். அலுவலக அறைக் கம்ப்யூட்டரிலிருந்து அவள் குரல் கொடுப்பாள்: "சார், ஓ.டி.பி. வந்துச்சா?" நான் வகுப்பில் இருந்தால் வராந்தா வழியாகக் கத்திச் சொல்வேன். நடுவில் மூன்றாம் வகுப்பு ஃபஹ்மிதா டீச்சர் அதை வாங்கி மறுபடி கத்துவாள். எங்கள் வட்டாரத்தில் பாதிப் பள்ளிகள் இப்படித்தான் ஓடுகின்றன. ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதே செய்தியில் எழுதியிருக்கும். எங்கள் பள்ளியில் அந்த எண் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

வயிற்றெரிச்சல் முற்றியபிறகு நான் கத்திச் சொல்வதை நிறுத்தினேன். என் மேஜைக்கு வந்து கேட்க வேண்டும் என்றேன். வந்து நிற்பாள். போனை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டு, "இன்னும் வரலம்மா" என்பேன். அது உள்ளே கிடந்து உறுமியிருக்கும். ஒன்பது நிமிடம் ஆனதும் மெதுவாக எடுத்து, கண்ணாடியைத் தேடி மாட்டி, ஒவ்வொரு எண்ணாகப் படிப்பேன். அவள் அலுவலக அறைக்கு ஓடுவதற்குள் நேரம் கடந்துவிடும். மறுபடி வருவாள். "நெட்வொர்க் சரியில்ல போல சார்" என்பாள். ஒருதரம் கூட முகம் சுளித்ததில்லை. எனக்கு அதிலும் கோபம்தான்.

இந்த ஜூனில், வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்த வாரம், ஒரு திங்கட்கிழமை அவள் என் மேஜைக்கு வந்தாள். ஓ.டி.பி.க்கு வரவில்லை.

"சார், மாறுதல் கலந்தாய்வுக்கு அப்ளை பண்ணியிருக்கேன். நீடாமங்கலத்துக்கு."

அவள் வீடு அங்கே இருக்கிறது. கணவர் ஸ்ரீநிவாசனுக்கு ரயில்வேயில் வேலை. காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, தஞ்சாவூர் வரைக்கும் ரயில், அப்புறம் திருக்காட்டுப்பள்ளிக்கு பஸ், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வருவாள். சாயங்காலம் நாலு இருபது டவுன் பஸ்ஸைப் பிடித்தால் ஏழு மணிக்கு வீடு. அதை விட்டால் ரயிலும் போய்விடும், ஒன்பதாகும். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. நாத்தனார் பார்த்துக்கொள்கிறாள்.

"பொண்ணு எங்க நாத்தனாரத்தான் அம்மாங்கறா சார். என்னை மதுன்னு கூப்பிடறா, அவங்க அப்பா கூப்பிடறதப் பாத்துட்டு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. "இந்த வருஷம் சீனியாரிட்டில எனக்கு முன்னாடி யாரும் இல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நீங்க அப்ரூவ் பண்ணணும். ஓ.டி.பி. மட்டும் சொன்னீங்கன்னா நானே பண்ணிடறேன்."

எனக்கு உள்ளுக்குள் மத்தாப்பு கொளுத்தியது போல இருந்தது. போகிறாள். தானாகவே போகிறாள். இனி போனில் என்னோடுதான் பேசுவார்கள். அந்தச் சந்தோஷத்திலும் ஒரு குத்து குத்தாமல் விட மனமில்லை.

"உங்க விண்ணப்பத்த நீங்களே அங்கீகரிக்கறதா? முறையில்லம்மா. நானே பண்றேன்."

"உங்களுக்கு..." என்று ஆரம்பித்தவள், மரியாதைக்காக நிறுத்திக்கொண்டாள். "சரிங்க சார்."

அந்த 'உங்களுக்கு' என்னை மூன்று நாள் அரித்தது. உங்களுக்குத் தெரியுமா என்றுதானே கேட்க வந்தாள்? செய்து காட்டுகிறேன் பார் என்று வியாழக்கிழமை மதியம் அரை நாள் விடுப்பு எழுதி வைத்துவிட்டு, திருக்காட்டுப்பள்ளி பஸ் நிறுத்தம் அருகில் இ-சேவை மையம் வைத்திருக்கும் ஹபீபுன்னிசாவிடம் போனேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள்தான். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நுழைந்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ஆரம்பத்துலேர்ந்து சொல்லிக் குடு."

இதைச் சொல்லத்தான் எனக்கு நான்கு வருடம் ஆகியிருந்தது. சொல்லி முடித்ததும் கூரை இடிந்து விழவில்லை. ஹபீபுன்னிசா நாற்காலியை இழுத்துப் போட்டாள். கடவுச்சொல் எங்கே, ஓ.டி.பி. எங்கே என்று காட்டினாள். "ஓரத்துல மேல மூணு கோடு இருக்கு பாருங்க சார், அதத் தொடணும். தொடலன்னா லிஸ்ட்டே வராது. எல்லாரும் அங்கதான் முழிப்பாங்க" என்றாள். மூன்று கோட்டைத் தொட்டேன். பட்டியல் வந்தது. மேலேயே மதுவந்தியின் பெயர், எதிரே 'அங்கீகரி', 'நிராகரி' என்று இரண்டு பொத்தான். மொத்தம் இருபது நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா? இதற்காகவா நான்கு வருடம் பயந்து செத்தேன்?

"இப்பவே அழுத்திடவா சார்?"

"வேண்டாம்மா. நாளைக்கு ஸ்கூல்ல அந்த டீச்சர் முன்னாடி அழுத்திக்கறேன்."

அவள் பார்க்க வேண்டும். பார்த்து அசந்து போக வேண்டும். அதற்காக அழுத்தாமல் எழுந்து வந்தேன். அப்போதே அழுத்தித் தொலைத்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை நன்றாகச் சவரம் செய்துகொண்டு பள்ளிக்குப் போனால், மதுவந்தி இல்லை. ஒன்றியத்திலுள்ள தலைமையாசிரியர்களுக்கெல்லாம் ஸ்மார்ட் போர்டில் பாடம் நடத்துவது எப்படி என்று பயிற்சியாம். சொல்லிக்கொடுப்பவள் அவள். ஆனந்தவல்லி மேடம் காலையில்தான் அவசரமாக அழைத்திருக்கிறார்கள். என் சக தலைமையாசிரியர்கள் நோட்டும் பேனாவுமாக அவள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். எனக்கும் அப்போதுதான் அழைப்பு வந்தது. ஃபஹ்மிதா டீச்சர் விடுப்பில் இருந்தாள்; அவள் வகுப்பைப் பார்க்க ஆளில்லை என்று சாக்கு சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன்.

மதியம் ரெமிஜியஸ் போன் செய்தான். ஆசிரியர் பயிற்சியில் என்னோடு படித்தவன். அந்தக் காலத்திலிருந்தே எனக்கு ஒரு மதிப்பெண் முன்னால் நிற்பவன். இப்போது நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு நடுநிலைப்பள்ளியில் தலைமையாசிரியர்.

"டேய் முத்து, எங்க ஸ்கூல்ல சயின்ஸ் போஸ்ட் காலி. உங்க மதுவந்தி டீச்சர் இங்கதான் வரப்போவுதாமே? வயலக் காட்டிப் பின்னம் நடத்துதே, அந்த வீடியோ எங்க மாவட்டத்துக்கே வந்துடுச்சுடா. இவ்ளோ நாள் எப்பிடிடா பொத்தி வெச்சிருந்த? எனக்கு ஸ்டேட் அவார்டே வாங்கிக் குடுத்துடும்போல இருக்கு அந்தப் பொண்ணு."

சிரித்தான். நானும் சிரித்தேன். அதுவரை அவள் இங்கிருந்து போனால் போதும் என்று இருந்தேன். போய்ச் சேரும் இடத்தைப் பற்றி யோசித்தே பார்க்கவில்லை. அவள் என் பள்ளியில் இருப்பதையும் என்னால் தாங்க முடியவில்லை, அவன் பள்ளியில் இருப்பதையும் தாங்க முடியவில்லை. இப்படி ஒரு நோய் இருக்கும் என்று எனக்கே தெரியாது.

மூன்று மணிக்கு மதுவந்தி பேசினாள். பின்னால் தலைமையாசிரியர்களின் சளசளப்பு கேட்டது.

"சார், அப்ரூவ் ஆயிடுச்சா?"

"பாத்துக்கிட்டே இருக்கேம்மா."

நாலரைக்குள் பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கடவுச்சொல் போட்டேன். ஓ.டி.பி. போட்டேன். மூன்று கோட்டைத் தொட்டேன். அவள் பெயர் வந்தது. 'அங்கீகரி' என்ற பச்சைப் பொத்தான் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மணி நாலு ஐம்பது. ரெமிஜியஸின் சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நிராகரிக்கவில்லை. பக்கத்தை மூடினேன், கம்ப்யூட்டரை அணைத்தேன், அறையைப் பூட்டினேன். அவ்வளவுதான். பெரியவர், பாவம், அவருக்குத் தெரியவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒருவரும் என்னைக் கேட்கமாட்டார்கள்.

ஆறு மணிக்கு அவள் ரயிலிலிருந்து பேசினாள். "சார், 'தலைமையாசிரியர் நிலையில் நிலுவை'ன்னே காட்டுதே சார். முடிஞ்சுபோச்சு, சைட்ட மூடிட்டாங்க." குரல் உடைந்திருந்தது.

"என்னமோ சுத்திக்கிட்டே இருந்துச்சும்மா. எனக்கு ஒண்ணும் புரியல."

"பரவால்ல சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபப்பட்டேன் சாமி, பொய் சொன்னேன் சாமி என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். இதைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவள் வீங்கிய முகத்தோடு வந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். சண்டைக்குத் தயாராகவும் இருந்தேன்.

"என் தப்புதான் சார்" என்றாள். "நாலு வருஷமா எல்லாத்தையும் நானே செஞ்சு, உங்களுக்குச் சொல்லியே குடுக்காம விட்டுட்டேன். நீங்க நானே பண்றேன்னு சொன்னப்பவே உக்காந்து காமிச்சிருக்கணும். கேட்டா மனசு சங்கடப்படுவீங்களோன்னு விட்டுட்டேன்."

நான் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆபீஸ்ல விசாரிச்சேன். தலைமையாசிரியருக்குத் தெரியாம விட்டுப்போச்சுன்னா ஏத்துக்க மாட்டாங்களாம். அது ஸ்கூல் பாத்துக்க வேண்டிய விஷயமாம். வேணும்னே நிறுத்தி வெச்சிருந்தாத்தான் பத்து நாளுக்குள்ள முறையீடு போடலாமாம். அப்பிடி யாரு சார் செய்யப் போறாங்க?" அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம். அதுக்குள்ள உங்களுக்கு எல்லாத்தையும் கத்துக் குடுத்துடறேன். தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் உக்காரலாம் சார்."

"உங்களுக்கு பஸ் போயிடுமேம்மா."

"போனாப் போவுது. பாப்பா எப்பிடியும் தூங்கிடறா."

தெரியாது என்ற சொல்லைக் கவசமாகப் போட்டுக்கொண்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். அதே சொல் அவள் வழியை அடைத்துவிட்டது. தெரிந்தே செய்தேன் என்று நான் ஒரு வரி எழுதினால் அவள் குழந்தையிடம் போகலாம். எழுதினால் எனக்கு மெமோ வரும், விசாரணை வரும், முப்பத்து மூன்று வருடத்தில் விழாத கரும்புள்ளி கடைசி இரண்டு வருடத்தில் விழும். ரெமிஜியஸ் காதுக்கும் போகும். பத்து நாள். நான் வாயைத் திறக்கவில்லை.

திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். நாலு இருபது பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போகும்போது ஒரு நொடி வாசலைப் பார்ப்பாள், மறுபடி திரைக்குத் திரும்புவாள். சுட்டியை இப்படிப் பிடிங்க சார், இங்க ஒருதரம் அழுத்துங்க சார் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள். தெரிந்ததைத் தெரியாத மாதிரி நடிக்க நான் வேண்டுமென்றே தப்பாக அழுத்துவேன். "பரவால்ல சார், எல்லாருக்கும் மொதல்ல வராது" என்பாள். இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாளே என்று அந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது. நான் முப்பது வருடத்தில் ஒரு பிள்ளையிடமும் இப்படிப் பேசியதில்லை.

வியாழக்கிழமை ஃபஹ்மிதா டீச்சரின் விடுப்பு விண்ணப்பத்தை அங்கீகரிக்க வேண்டியிருந்தது.

"இன்னிக்கு இத நீங்களே செய்யுங்க சார். இப்ப ஓ.டி.பி. வரும்..."

வந்தது. போட்டேன். பகல் முழுக்க வெயிலில் நின்று புத்தகம் இறக்கிய களைப்பு. நடிக்க மறந்துவிட்டேன். என் கை தன் பாட்டுக்குச் சுட்டியை ஓரத்தில் மேலே கொண்டுபோய் மூன்று கோட்டைத் தொட்டது. பட்டியல் திறந்தது. பெயரைத் தேடினேன், 'அங்கீகரி'யை அழுத்தினேன், முடிந்தது. பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மூணு கோட்டத் தொடணும்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே சார்."

நேற்று பிரின்ஸி போனில் சொல்லிக் கொடுத்தாள் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அவள் எதைச் சொன்னாலும் நம்புகிறவள். வெளியே நாலு இருபது பஸ் ஆரன் அடித்தது. அவள் இந்த முறை வாசலைப் பார்க்கவில்லை.

"எப்ப சார் கத்துக்கிட்டீங்க?"

"போன வியாழக்கிழம."

"கடைசி நாளுக்கு முந்தின நாளு."

"ஆமாம்மா."

"அப்ப வெள்ளிக்கிழம?"

"பக்கத்தத் தொறந்தேன். உங்க பேரு வந்துச்சு. அழுத்தல. மூடிட்டேன்."

"சுத்திக்கிட்டே இருந்துச்சுன்னீங்க."

"பொய்யி."

அவள் அழவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, தன் செல்போனை எடுத்து ஏதோ தட்டினாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

"முறையீடு போட்டுட்டேன் சார். உங்க லிஸ்ட்டுக்கு வந்திருக்கும். உங்க விளக்கத்த நீங்கதான் எழுதணும். நான் எழுதினா முறையில்ல." குரலில் கோபம்கூட இல்லை. முதல் தடவையாக அதில் மரியாதையும் இல்லை. "பத்து நாள்ல ஆறு நாள் போயிடுச்சு."

பட்டியலைத் திறந்தேன். அவள் பக்கத்தில் உட்காரவில்லை, நின்றாள். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். விண்ணப்பம் உரிய காலத்தில் எனக்குக் கிடைத்தது. அங்கீகரிக்கும் முறை எனக்குத் தெரியும். தெரிந்தே அங்கீகரிக்கவில்லை. மூன்று வரி. முப்பத்து மூன்று வருடத்தில் இவ்வளவு சுருக்கமாக நான் எந்த அறிக்கையும் எழுதியதில்லை. அதற்குக் கீழே இன்னொரு கட்டம். 'காரணம்.' பக்கத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம் இருந்தது, காலியாக விட முடியாது.

யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. 'பொறாமை' என்று தட்டினேன்.

அவள் குனிந்து படித்தாள். "ஆபீஸ்ல இப்பிடியெல்லாம் எழுத மாட்டாங்க சார். நிர்வாகக் காரணம்னு போடுங்க."

"நிர்வாகக் காரணம்னா தள்ளிடுவாங்கம்மா. இதுதான் காரணம்."

"பொறாமையா? யாரு மேல?"

"உங்க மேலதான்."

"என் மேலயா? எதுக்கு சார்?"

அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இத்தனை நாள் நான் எரிந்து சாம்பலானது அவளுக்குத் தெரியவே தெரியாது. ஒரு நாள் கூட அவள் என்னைப் போட்டியாக நினைத்திருக்கவில்லை. திரும்பிக்கொண்டு சமர்ப்பித்தேன்.

அடுத்த டவுன் பஸ் ஐந்தரைக்கு. அவள் பையை மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையோடு நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். தினமும் கிளம்பும்போது "வரேன் சார்" என்பாள். அன்றைக்குச் சொல்லவில்லை.